முதலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் கொஞ்சம் குளிர்

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்த உடனே கிழித்துவிட வேண்டும். கிழிக்க மனம் வராவிட்டால் அடுப்பில் போட்டுவிடுங்கள். யாரிடமும் காட்டக் கூடாது. உங்களோடு மலைமேல் மழை அளக்கிற அந்தக் கண்ணாடிக்கார அக்காவிடம்கூட, "என் அக்கா பொண்ணு எழுதியிருக்கா, பாரேன்" என்று நீட்டக் கூடாது. முக்கியமாக அப்பா, அம்மா, கீழே குடியிருக்கிற வீட்டுக்காரர், இந்த மூன்று பேருக்கும் இது எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது. மனசுக்குள் ஒரு சத்தியம் செய்துவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள்.

கடிதம் எழுதினால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று தமிழ் மிஸ் சொல்லியிருக்கிறார். அதனால் விசாரிக்கிறேன். நீங்கள் சுகமா? இரண்டு கம்பளி போர்த்தியும் குளிர் தாங்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அம்மா அதைச் சத்தமாகப் படித்தபோது அப்பா எழுந்து போய்த் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார். குழாயில் வந்த அந்தத் தண்ணீரும் சுடுதண்ணீர்தான். இங்கேயும் அனைவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பொய் சொன்னால் என் எழுத்து கோணிக்கொண்டு போகும், நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

உங்கள் கினிப்பன்றிகள் இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள். முதலாளி இப்போது என் முழங்காலுக்குப் பக்கத்தில் வெள்ளரிக்காய்த் தோலைத் தின்றுகொண்டிருக்கிறது. குமாஸ்தா வழக்கம்போல முதலாளி தின்று முடிக்கட்டும் என்று பின்னால் நிற்கிறது. இரண்டும் பெண் என்று டாக்டர் சொன்ன பிறகும் நீங்கள் பெயரை மாற்றவில்லை, அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல்லியே ஆக வேண்டும். புறப்படும்போது மாடிப்படியில் நின்று, "இந்த வருஷம் வெயில் மிதமாத்தான் இருக்கும், பயப்படாம பாத்துக்கோ" என்று சொன்னது நீங்கள்தான். வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? நான் நம்பினேன். அம்மா நம்பினார். அந்தப் பக்கமாகப் படியேறி வந்த வீட்டுக்காரரும் நம்பினார். அவர் நம்பியதில்தான் இத்தனை வினையும் தொடங்கியது, ஆனால் அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒன்று விடாமல் செய்தேன், சித்தி. ஆனால் நீங்கள் சொன்னது எல்லாம் இந்த வீட்டுக்குள் நுழைந்ததும் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. கூண்டின் மேல் ஈரத்துணி போடு, ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்து விடு என்றீர்கள். போட்டேன், திறந்தும் விட்டேன். கைக்குக் கிடைத்த நீலத்துணி அம்மாவிடம் பள்ளிச் சீருடை தைக்க வந்த துணி என்று எனக்கு எப்படித் தெரியும்? அது சாயம் ஒழுகி, வெள்ளைவெளேர் என்று இருந்த குமாஸ்தாவின் முதுகெல்லாம் நீலமாகிவிட்டது. அம்மா என்னை அடிப்பார் என்று பார்த்தேன். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் குமாஸ்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுக்கும் ஸ்கூல்ல இடம் கெடச்சிருச்சா?" என்றார். அடுத்தது, தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்துத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வை, வேண்டும்போது சாய்ந்துகொள்ளும், வேண்டாதபோது நகர்ந்துகொள்ளும் என்றீர்கள். நான் உறையவைத்தது அப்பா வேலைக்கு எடுத்துப்போகிற பாட்டில். அவர் காலையில் அவசரத்தில் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய், ஏதோ ஒரு அலுவலகத்தின் மொட்டை மாடியில் கொதிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறந்து கவிழ்த்திருக்கிறார், ஒரு சொட்டு விழவில்லை. மதியம் வரை குலுக்கிக் குலுக்கிப் பார்த்தாராம். சாயங்காலம் வந்து, "ஊருக்கெல்லாம் குளிர் குடுக்கறவன் நான், என்னைப் போயி ஐஸ்கட்டிய நக்க வெச்சுட்டியே பாப்பா" என்றார். வழவழப்பான தரை ஓடு ஒன்றைக் குளிரவைத்து அதன்மேல் படுக்க விடு என்றும் சொல்லியிருந்தீர்கள் அல்லவா? குளியலறையில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஓட்டைத்தான் பெயர்த்தேன், ஆடாததைத் தொடவே இல்லை. கழுவித் துடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். அப்பா ஃப்ரிட்ஜைத் திறந்து அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, "இத ராத்திரிக்குச் சூடு பண்ணணுமா, இல்ல அப்படியேவா?" என்று அம்மாவைக் கேட்டார்.

இத்தனை செய்தும் வெயில் அசையவில்லை. எங்களுடையது மேல்மாடி என்பது உங்களுக்குத் தெரியும். பகலெல்லாம் கூரை குடிக்கிற சூட்டை ராத்திரியெல்லாம் எங்கள் தலையில் கொட்டுகிறது. முன்னறையில் அம்மாவின் இஸ்திரிப்பெட்டி, நடுவில் சமையலறை, இரண்டுக்கும் நடுவிலான நடையில் கூண்டு. அப்பா ஏ.சி. மெக்கானிக் என்பதால் எங்கள் வீடு பனிமலை மாதிரி இருக்கும் என்று என் வகுப்பில் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் சொந்த ஏ.சி. வயிறு திறந்தபடி பின்னறை மூலையில் கிடக்கிறது, சித்தி. யாருக்கோ அவசரம் என்று அப்பா அதிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றுவார், பிறகு இன்னொருவருக்கு இன்னொரு பாகம். இப்போது அதில் மிச்சம் இருப்பது வெறும் பெட்டியும் அம்மாவின் பெருமூச்சும்தான்.

இனி நான் எழுதப் போவதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு நாள் பகலில் மின்சாரம் போய்விட்டது. நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து காய்கறிப் பையைக் கீழே வைத்தேன். பை சரசரத்தால் முதலாளி விசிலடிக்கும் அல்லவா, அன்றைக்கு விசில் வரவில்லை. போய்ப் பார்த்தால் பக்கவாட்டில் சரிந்து, காலை நீட்டிப் படுத்திருந்தது. வயிறு படபடவென்று அடித்துக்கொண்டது. வாயோரம் ஈரம். காது சிவந்து சுட்டது. வெள்ளரிக்காயை மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளரிக்காயைத் திரும்பிப் பார்க்காத முதலாளியை நீங்கள் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறீர்களா? ஐஸ் தண்ணீரில் முக்கிவிடலாம் என்று தோன்றியது. ஆனால், "சட்டுனு குளிரவெச்சா அதுவே ஆபத்து" என்று நீங்கள் சொன்னது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. பானைத் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துக் காதிலும் பாதத்திலும் ஒற்றினேன், வாயோரத்தில் விரலால் தண்ணீர் தொட்டுவைத்தேன். அம்மா துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து அதைத் தூக்கினார், "பின் ரூமுக்கு வா" என்றார்.

பின்னறை அப்பாவின் மெஷின் அறை. முடியும் தூசியும் ஆகாது என்று எங்களையே அதற்குள் விட மாட்டார். அங்கே சுவரில் ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது. பழுது பார்த்த ஏ.சி.யை அதில் மாட்டி ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். அன்று காலை வரை வீட்டுக்காரரின் ஏ.சி. அதில் ஓடியிருந்ததால் அறையில் குளிர் இன்னும் மிச்சம் இருந்தது. முதலாளியைத் தரையில் கிடத்திவிட்டு நானும் அம்மாவும் ஆளுக்கொரு அட்டையால் எட்ட நின்று மெதுவாக விசிறினோம். அம்மா என்னென்னவோ வேண்டிக்கொண்டார். குமாஸ்தாவைப் பக்கத்தில் விட்டேன். அது போய் முதலாளியின் காதை முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. முதலாளி மெல்லத் தலையைத் தூக்கி, புரண்டு உட்கார்ந்து, தடவிக்கொண்டிருந்த என் விரலை ஒரு கடி கடித்தது. சித்தி, கடி வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. சாயங்காலம் அம்மா டாக்டரிடம் எடுத்துப் போனார். பிழைத்துக்கொண்டது, இன்னொரு தடவை இப்படி ஆகவிட்டால் தாங்காது என்று அவர் சொன்னாராம்.

அப்பா ராத்திரி வந்ததும் எல்லாவற்றையும் கேட்டார். கூண்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முதலாளியைப் பார்த்தார். "சரி, இந்த மெஷின் கீழ போற வரைக்கும் ரெண்டும் இங்கயே இருக்கட்டும்" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. உடனே, "நாளைக்கு ராத்திரி கீழ போயிரும்" என்றும் சொன்னார். வார்த்த பால் அப்போதே திரிந்துவிட்டது.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் கையிலிருந்து போகிற எந்த மெஷினும் ஒரு முழு ராத்திரியும் ஒரு முழுப் பகலும் சத்தமில்லாமல் ஓட வேண்டும். குளிர்ந்தால் மட்டும் போதாது. ராத்திரி நாற்காலியை அதன் எதிரே போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "மெஷின் இருக்கறதே தெரியக் கூடாது. தெரிஞ்சா அது என் கை வேலை இல்ல" என்பார். சின்னதாக ஒரு சத்தம் வந்தாலும் கழற்றி மாட்டி, மறுபடி ஒரு ராத்திரி, ஒரு பகல். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குத் தெரிந்ததுதான் தப்பாகப் போய்விட்டது.

அம்மாவின் பொத்தான் டப்பாவிலிருந்து கோட்டுக்குத் தைக்கிற பெரிய பழுப்பு நிறப் பொத்தான் ஒன்றை எடுத்தேன். ஏ.சி.யின் முன்மூடியைத் தூக்கினால் வலை மாதிரி வடிகட்டி இருக்கும். வாடிக்கையாளர்களின் வலைகளைக் கழுவித் தருவது என் வேலை, அதனால் மூடியைத் திறக்க எனக்கு நன்றாகத் தெரியும். மூடியின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். அதில் பொத்தானை வைத்தால் உள்ளே விசிறியில் விழாது, குளிருக்கும் ஒன்றும் ஆகாது. காற்று ஓடும்போது டக்கு டக்கு என்று சத்தம் மட்டும் வரும். வைத்தேன். வந்தது. அப்பா நாற்காலியிலிருந்து கண்ணைத் திறந்தார். "என்னடா இது" என்று மெஷினைப் பார்த்துக் கேட்டார். முதலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் இன்னொரு ராத்திரி, இன்னொரு பகல் கிடைத்தது.

அதற்கு அப்புறம் அது அப்படியே போய்க்கொண்டிருக்கிறது, சித்தி. அப்பா மோட்டாரைக் கழற்றினார், திருகாணிகளை எல்லாம் முடுக்கினார், பால்கனியில் இருக்கிற வெளிப்பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்தார். முன்மூடியின் ஓரத்தை மட்டும் பார்க்கவில்லை. அவ்வளவு சாதாரணமான இடம் அது. பெரிய ஆபரேஷன் செய்கிற டாக்டர் நோயாளியின் சட்டைப் பையையா தடவிப் பார்ப்பார்? ஒரு ராத்திரி அவர் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"உனக்குக் கேக்குதா?"

"கேக்குது."

"நெஜமா கேக்குதா, இல்ல எனக்காகச் சொல்றியா?"

"நெஜமாத்தாங்க. டக்கு டக்குன்னு கேக்குது."

"எனக்கு வெளிய போனாலும் கேக்குது. இன்னிக்கு ஒரு வீட்டுல வேலைய முடிச்சுட்டு, சத்தம் வருதுன்னு பாதி வழியிலேர்ந்து திரும்பிப் போயிப் பாத்தேன். அங்க ஒண்ணுமே இல்ல. என் காதுதான் கெட்டுப் போச்சு போல."

நான் போர்வைக்குள் அழுதேன். அப்பாவின் காதுதான் அப்பாவின் தொழில். மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பொத்தானை எடுத்துவிடத்தான் இந்தப் பின்னறைக்கு வந்தேன். மூடியில் கையும் வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் குமாஸ்தா, உங்கள் அழுமூஞ்சிக் குமாஸ்தா, கூண்டுக்குள் நின்ற இடத்திலேயே ஒரு துள்ளு துள்ளியது. பிறகு இன்னொன்று. சந்தோஷம் வந்தால்தான் அப்படித் துள்ளும் என்று நீங்கள் சொல்வீர்களே, வெயில் ஆரம்பித்த பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை. முதுகில் நீலத்தோடு அது துள்ளியது பட்டாணி பொரிகிற மாதிரி இருந்தது. மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

இனி வீட்டுக்காரர். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேலை போன பிறகும் குரல் போகவில்லை. எதையும் இரண்டு தடவைதான் சொல்வார். வெயில் மிதம் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான், "அவசரமில்லை, நிதானமாகச் சரிசெய்யவும்" என்று மெஷினைக் கொடுத்தார். இப்போது அவருடைய படுக்கையறைச் சுவரில் பகல் முழுவதும் வெயில் அடிக்கிறது. தினமும் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்து ஆரம்பித்துவிடுகிறார். "மேல்மாடி மெக்கானிக்கின் கவனத்திற்கு. எனது குளிர்சாதனம் காலவரையின்றித் தாமதமாகிக்கொண்டிருக்கிறது. மீண்டும் சொல்கிறேன், காலவரையின்றி." எதிர்வீட்டில் பால்காரர்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். இதில் இன்னொரு பிரச்சினை. அந்தக் குரலைக் கேட்டால் முதலாளி பதிலுக்கு விசிலடிக்கிறது. படிக்கட்டுச் சுவரில் அவர் மாட்டி வைத்திருக்கிற பலகை உங்களுக்குத் தெரியும்: "நாய், பூனை, கோழி, புறா மற்றும் இதில் விடுபட்டவை எதுவும் வளர்க்கக் கூடாது." ஒரு நாள் அவர் அறிவிப்பை நடுவில் நிறுத்திவிட்டு, "அது என்னம்மா, மேல விசில் சத்தம்?" என்று கேட்டார். அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உங்க மெஷின்தான் சார். அந்தக் கோளாறத்தான் அவரும் தேடிக்கிட்டு இருக்காரு" என்றார்.

"பசிச்ச மாதிரி கத்துதே?"

"ஆமா சார். சாயங்காலமானா அப்படித்தான்."

அம்மா இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பழுப்புப் பொத்தானைக் காணோம் என்று டப்பாவைக் கொட்டிக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தவர், இந்த வாரம் தேடுவதை நிறுத்திவிட்டார். கிடைத்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நேற்று வீட்டுக்காரர் அப்பாவுக்கு ஃபோன் செய்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "இன்னும் சத்தம் போகல சார். எனக்கே ஒண்ணும் புரியல சார்" என்று ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னார். பின்னாலிருந்து பார்த்தேன், தோள் குலுங்கியது. என் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் மட்டும் சாப்பிட்டுவிட்டு, இந்த அறை மூலையில் எங்கள் பழைய மெஷின் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வருத்தத்தை மறக்கத்தான் என்று நினைக்கிறேன்.

இன்று சாயங்காலம் கடைசி அறிவிப்பு வந்துவிட்டது. நாளைக் காலையில் வீட்டுக்காரர் வேறொரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு தானே மேலே வரப் போகிறாராம். மீண்டும் சொன்னார், தானே. அந்த மெக்கானிக் வந்து முதல் வேலையாக முன்மூடியைத் தூக்குவார். பொத்தான் டிங்கென்று தரையில் விழுந்து உருண்டு வீட்டுக்காரரின் காலடியில் போய் நிற்கும். ஒரு பொத்தானைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் என்று அப்பாவின் பெயர் ஊரெல்லாம் போகும், அறிவிப்புச் சொல்லத்தான் ஆள் இருக்கிறதே. அதற்குள் முதலாளி விசிலடிக்கும். வீட்டைக் காலி செய் என்பார். நாங்கள் மூவரும், அதாவது இரண்டு கூண்டுக்காரர்களையும் சேர்த்தால் ஐவரும், தெருவில் நிற்போம்.

அதனால் முடிவு செய்துவிட்டேன், சித்தி. எல்லாரும் தூங்கிய பிறகு டார்ச்சோடு இங்கே வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பொத்தானை எடுத்துவிடப் போகிறேன். காலையில் மெஷின் சத்தமில்லாமல் ஓடும், அப்பா தலை நிமிர்ந்து அதைக் கொடுத்துவிடுவார். மத்தியானத்துக்குள் இந்த அறையும் அடுப்பாகிவிடும். பரவாயில்லை. பள்ளிக்கூடம் லீவுதான். நான் கூண்டை விட்டு நகர மாட்டேன். கைக்குட்டையை நனைத்து நனைத்து மாற்றுவேன், அட்டையால் விசிறுவேன், சாயமில்லாத துணியாகப் பார்த்துப் போர்த்துவேன். நீங்கள் மட்டும் உங்கள் மலைக்குக் காய்கறி கொண்டுவருகிற வண்டிக்காரரிடம் கேளுங்கள், மலையேறி வரும்போது இரண்டு பேரை ஏற்றிக்கொள்வாரா என்று. வெள்ளரிக்காய் மூட்டைக்குப் பக்கத்தில் மட்டும் உட்காரவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே உங்கள் கம்பளியில் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தால் போதும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி அன்றைக்கு மாதிரி இன்னொரு தடவை படுக்காமல் இருந்தால் போதும்.

இதோ எழுந்துவிட்டேன். நாற்காலிமேல் நின்று மூடியைத் தூக்கிவிட்டேன். ஒரு கையில் டார்ச், பேனா வாயில். நீங்கள் நம்ப மாட்டீர்கள். பள்ளத்தில் பொத்தான் இல்லை. விரலை விட்டு ஓரம் முழுவதும் தடவிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து எழுதுகிறேன், இல்லவே இல்லை. ஆனால் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. டக்கு டக்கு என்று அதே சத்தம். சித்தி, பொத்தானே இல்லாமல் எப்படிச் சத்தம்

வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள். இந்த நேரத்தில் யா

பி.கு.: இதை மறுநாள் மத்தியானம் எழுதுகிறேன். முதலில், படித்ததும் கிழிக்கச் சொன்னேனே, கிழிக்க வேண்டாம். யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். கண்ணாடிக்கார அக்காவிடம் தாராளமாகக் காட்டலாம், மற்ற எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

கதவைத் தட்டியது வீட்டுக்காரர். அப்பா திறந்ததும், தலையணையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பனியனோடு நின்றார். என் மெஷின் சத்தம் போட்டாலும் சரி, விசிலடித்தாலும் சரி, இன்றைக்கு அதன் முன்னால்தான் படுப்பேன் என்று சொல்லிவிட்டு நேராகப் பின்னறைக்கு வந்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். விளக்கைப் போட்டார்கள். நான் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கூண்டின் முன்னால் கையை விரித்து நின்றேன். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் பை சரசரத்துவிட்டது, சித்தி. முதலாளி தன் வாழ்நாளிலேயே நீளமான விசிலை அடித்தது. வீட்டுக்காரர் என்னை மெல்ல நகர்த்திவிட்டுக் குனிந்தார். நீலமாக ஒன்று, பழுப்பாக ஒன்று, இரண்டும் அவரை அண்ணாந்து பார்த்தன.

"இது என்ன?" என்றார்.

அம்மாதான் முந்திக்கொண்டு, "விசில் சத்தம் சார்" என்றார்.

"அப்ப அந்த டக்கு டக்கு?"

அப்பா விளக்கு வெளிச்சத்தில் தேடக்கூட இல்லை. சட்டத்தின் பின்னால் கையை விட்டு, நீலநூலில் கட்டித் தொங்கிய ஒரு இரும்பு வாஷர் வளையத்தைப் பிடித்தார். சத்தம் நின்றுவிட்டது. "என்னோடதுதான் சார்" என்றார். அது அம்மாவின் சீருடை நூல். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என் பொத்தானை இந்த வாரம் வலையைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிட்டாராம். கோட்டுக்கு வேண்டும் என்று அம்மா அதை வாங்கிக்கொள்ளவே, அதற்குப் பதிலாக இதை மாட்டினார்களாம். எங்கள் பழைய மெஷினைச் சரிசெய்து முடிக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்ததாம். ஃபோன் பேசும்போது தோள் குலுங்கியது சிரிப்பை அடக்கியதால்தானாம். நான் சாப்பிடாமல் படுத்ததுதான் மிச்சம். நான் அதைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள், அப்பா மட்டும் சிரிக்காமல் என் தலையில் கையை வைத்தார். "நாலு நாளு என் காத நானே சந்தேகப்பட்டேன், அதுக்கு இது சரியாப் போச்சு பாப்பா" என்றார்.

அதற்குள் கீழே கிடந்த கடிதத்தை வீட்டுக்காரர் எடுத்துவிட்டார். படித்தார். மனசுக்குள் படிக்க அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பத்தியையும் இரண்டு தடவை. தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிய ஆரம்பித்தது. தன் குரலைப் பற்றி எழுதிய இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தகவல் சரிதான்" என்றார். முதலாளி சரிந்து கிடந்த இடத்தை மட்டும் ஒரு தடவைதான் படித்தார், அதையும் மெதுவாக. பிறகு கூண்டைப் பார்த்துக்கொண்டே, அந்தக் குரலில் நான் இதுவரை கேட்டிராத தணிவோடு, "கீழ சுவரெல்லாம் கொதிக்குது. இங்க இதுங்க பக்கத்துல ஒரு ஓரமாப் படுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். வேறு மெக்கானிக் வரவில்லை. மெஷின் இங்கேயே ஓடட்டும், உங்கள் மெஷின் தயாரானதும் மாட்டிக்கொள்ளலாம், அவசரமே இல்லை, மீண்டும் சொல்கிறேன், அவசரமே இல்லை என்றார். காலையில் படிக்கட்டுப் பலகையில் "விடுபட்டவை எதுவும்" என்பதற்குக் கீழே "விசில் அடிப்பவை தவிர" என்று சாக்பீஸால் எழுதியிருக்கிறது. வெயில் எப்போது குறையும் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். இன்னும் ஏறும் என்றே நீங்கள் எழுத வேண்டும், அப்போதுதான் குறையும் என்று அப்பா சொல்லச் சொன்னார்.

அம்மா உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்கிறார், கம்பளியை ஒழுங்காகப் போர்த்திக்கொள்ளச் சொல்கிறார். முதலாளி ஒரு விசில் அனுப்புகிறது. குமாஸ்தாவின் நீலம் பாதி போய்விட்டது, துள்ளல் போகவில்லை. மெஷின் இப்போது ஒரு பொட்டுச் சத்தமில்லாமல் குளிர்கிறது. ஆனாலும் அறையில் ஒரு கடகட சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. வீட்டுக்காரர் மத்தியானத் தூக்கத்துக்கு வந்து கூண்டுப் பக்கம் தலைவைத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். சாப்பிட வந்த அப்பா வழக்கம்போல நாற்காலியை எதிரே போட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"இது என் கை வேலை இல்ல."